ரோமிடம் கற்று ரோமை எதிர்த்த டாசிய மன்னர்

கி.பி. 102-இல், டான்யூப் நதிக்கு வடக்கே இருந்த மலைநாட்டு மன்னர் ஒருவர் ரோமப் பேரரசர் டிராஜன் காலில் விழுந்து சமாதானம் கேட்டார். அப்போது அவர் ஏற்க வேண்டியிருந்த நிபந்தனைகளை வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார். ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். கோட்டை தாக்கும் பொறிகளையும், அவற்றைச் செய்யத் தெரிந்த ஆட்களையும் ஒப்படைக்க வேண்டும். ரோமப் படையிலிருந்து ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். கோட்டைகளை இடிக்க வேண்டும். பிடித்த நிலத்தை விட்டு விலக வேண்டும். ரோமுக்கு யார் நண்பரோ அவர்களே அந்த மன்னருக்கும் நண்பர். ரோமுக்கு யார் பகைவரோ அவர்களே அவருக்கும் பகைவர். இனிமேல் ரோமிலிருந்து ஓடிவரும் எவருக்கும் அடைக்கலம் தரக் கூடாது. பேரரசுக்குள்ளிருந்து ஒரு படைவீரனைக்கூட வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

தோற்றவனிடம் நிலமும் ஆயுதமும் கேட்பது எந்தக் காலத்திலும் உள்ள வழக்கம்தான். பொறி செய்யும் கைவினைஞர்களைப் பெயர் சொல்லாத குறையாகக் கேட்டு வாங்குவதும், ஆள் சேர்ப்பதற்கே தடை போடுவதும் அப்படிப்பட்ட வழக்கமல்ல. காரணத்தையும் டியோவே சொல்கிறார்: இந்த மன்னரின் படையில் பெரும்பகுதி, அதிலும் சிறந்த பகுதி, ரோம எல்லைக்குள்ளிருந்து பேசி இழுத்துவந்த ஆட்களால் ஆனது.

அந்த மன்னர் டெசிபாலஸ். நாடு டாசியா, இன்றைய ருமேனியாவின் கார்பாத்திய மலைப்பகுதிதான் அதன் இதயம். ரோமை எதிர்த்த மன்னர்கள் வரிசையில் வீரத்துக்குப் பெயர்போனவர்கள் பலர் உண்டு. டெசிபாலஸை நான் தனியாக நிறுத்திப் பார்ப்பதற்குக் காரணம் வேறு. ரோமை ரோமின் கருவிகளாலேயே எதிர்க்க முடியும் என்று கண்டு, அதற்காக ஒரு நாட்டையே இருபது ஆண்டுகள் தயார் செய்தவர் அவர். ரோம் அவரை விட்டுவைக்காமல் போனதற்கும் அதுவே காரணம் என்று அந்த நிபந்தனைப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

டாசியர்களைக் காட்டுவாசிகளாகக் கற்பனை செய்துகொண்டால் இந்தக் கதை புரியாது. டெசிபாலஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே புரெபிஸ்தா என்ற மன்னர் சிதறிக் கிடந்த குலங்களை ஒன்றுசேர்த்து, கருங்கடல் கரை கிரேக்க நகரங்கள் வரை ஆட்சியைப் பரப்பியிருந்தார். ஜூலியஸ் சீசர் தன் கடைசி நாட்களில் டாசியாமீது படையெடுக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சீசர் கொல்லப்பட்ட காலத்தை ஒட்டியே புரெபிஸ்தாவும் உள்நாட்டுச் சதியில் கொல்லப்பட்டார். அவரது அரசு துண்டுதுண்டாக உடைந்தது. மலைக்கோட்டைகள் மட்டும் நிலைத்து நின்றன.

ஓராஷ்டியே மலைகளில் அந்தக் கோட்டைகளின் எச்சங்களை இன்றும் பார்க்கலாம். ஆறு கோட்டைகளை யுனெஸ்கோ 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் தலைமையானது, காட்டுக்கு நடுவே உயரமான மலைமுகட்டில் படிப்படியாகத் தளம் வெட்டிக் கட்டிய தலைநகரம் சர்மிசெகெதூசா. கட்டுமான முறை தனித்துவமானது. செதுக்கிய கல்லால் இரண்டு சுவர்களை இணையாக எழுப்பி, இடையில் மண்ணும் கல்லும் கொட்டி நிரப்பி, இரண்டையும் மர உத்திரங்களால் பிணைத்திருக்கிறார்கள். உத்திரத்தின் முனை பொருந்துவதற்காகக் கல்லில் வெட்டிய காடிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கல்லை அறுத்து அடுக்கும் கலையைக் கிரேக்கர்களிடம் கற்று, மலைக்கு ஏற்ற மரப்பிணைப்பைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். கற்றுக்கொள்வது டெசிபாலஸுக்கு முன்பே அந்த மண்ணில் இருந்த பழக்கம்.

மலையில் தங்கமும் வெள்ளியும் இருந்தன. உப்பும் இரும்பும் இருந்தன. தெற்கே டான்யூப் நதி. அதைத் தாண்டினால் ரோமின் மொயீசியா மாகாணம்.

85-ஆம் ஆண்டு வாக்கில் டாசியர்கள் நதியைக் கடந்து மொயீசியாவுக்குள் புகுந்து அதன் ஆளுநர் ஓப்பியஸ் சபீனஸைக் கொன்றார்கள். பேரரசர் டொமிஷியன் தன் மெய்க்காவல் படைத்தலைவர் கொர்னேலியஸ் ஃபுஸ்கஸைப் பெரும் படையுடன் அனுப்பினார். ஃபுஸ்கஸ் டாசியாவுக்குள்ளேயே தோற்று உயிரிழந்தார். அவரது படைக்கொடி ஒன்றும் பொறிகளும் டாசியர் கைக்குப் போயின. இந்தக் காலத்தில்தான் டூராஸ் என்ற மூத்த மன்னர் அரியணையைத் தாமாகவே டெசிபாலஸுக்கு விட்டுக்கொடுத்தார். போர்த்திறன் உள்ளவன் கையில் நாடு இருக்கட்டும் என்று ஒரு மன்னர் இறங்கி நிற்பது பழங்கால வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதல்ல.

டெசிபாலஸைப் பற்றி டியோ எழுதிய வரிகளில் ரோமரின் மதிப்பு ஒளிந்திருக்கவில்லை. போரைப் புரிந்துகொள்வதிலும் நடத்துவதிலும் கூர்மையானவர்; எப்போது பாய வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று அறிந்தவர்; பதுங்கித் தாக்குவதிலும் நேருக்கு நேர் நிற்பதிலும் வல்லவர்; வெற்றியை மட்டுமன்றித் தோல்வியையும் கையாளத் தெரிந்தவர். கடைசித் தகுதிதான் முக்கியமானது. 88-இல் ரோமத் தளபதி டெட்டியஸ் ஜூலியானஸ், தாபே என்ற கணவாயில் டாசியர்களை முறியடித்தார். தலைநகரை நோக்கி அவர் வருவாரோ என்ற அச்சத்தில் டெசிபாலஸ் மரங்களை வெட்டி, நின்ற அடிமரங்களுக்குக் கவசம் மாட்டி, தொலைவிலிருந்து பார்த்தால் படை நிற்பதுபோல் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு மெய்யோ, தோற்ற பிறகும் பேரத்துக்கு உட்காரும் நிலையில் அவர் இருந்தார் என்பது மெய்.

அந்த நேரத்தில் ரைன் எல்லையில் ரோமத் தளபதி சத்துர்னினஸ் கலகம் செய்தார். மார்க்கமன்னி, குவாடி குலங்கள் வேறு பக்கம் தொல்லை கொடுத்தன. டொமிஷியனுக்கு டாசியப் போரை முடித்தாக வேண்டியிருந்தது. 89-இல் உடன்பாடு ஏற்பட்டது. டெசிபாலஸ் தாமே நேரில் போகவில்லை. தம் சார்பில் டியேகிஸ் என்பவரை அனுப்பினார். அவர் தலையில் டொமிஷியன் முடிசூட்டினார். அதற்குப் பதிலாக டாசியாவுக்கு ஆண்டுதோறும் பணம் கிடைத்தது. கூடவே, போருக்கும் அமைதிக்குமான எல்லாத் தொழில்களிலும் தேர்ந்த கைவினைஞர்கள் அனுப்பப்பட்டார்கள்.

பின்னால் வந்த ரோமச் செனட்டர்கள் இதை அவமானம் என்று திட்டித் தீர்த்தார்கள். டொமிஷியனை அவர்கள் வெறுத்தார்கள். ஆகவே அவர் செய்த எதுவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. உண்மையில் எல்லையோர மன்னர்களுக்குப் பணம் கொடுத்து நட்பாக வைத்திருப்பது ரோமின் பழைய வழி. மற்ற மன்னர்கள் அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணமும் திராட்சை மதுவும் வாங்கிக்கொண்டு அடங்கி இருந்தார்கள். டெசிபாலஸ் பொறியாளர்களை வாங்கினார். கோட்டைகளைப் பலப்படுத்தினார். ஓடிவந்த ரோமப் படைவீரர்களுக்கு இடம் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் டான்யூபின் வடகரையில் ரோமின் போர்முறை தெரிந்த ஒரு அரசு உருவாகிக்கொண்டிருந்தது, ரோமின் செலவிலேயே.

98-இல் பேரரசரான டிராஜன் போருக்குக் கிளம்பியதற்கு டியோ தரும் காரணங்களும் இதையே காட்டுகின்றன. டாசியர்களின் பழைய செயல்கள் அவரை உறுத்தின. ஆண்டுதோறும் போகும் பணம் உறுத்தியது. அவர்களது பலமும் பெருமிதமும் வளர்வதைக் கண்டார். மலைத் தங்கத்தின் மீது ஆசை, புதிய பேரரசருக்கு வேண்டியிருந்த வெற்றிப் புகழ் ஆகியவற்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வளர்கிறான் என்பதே அடிப்படை. எல்லைக்கு வெளியே ஏழையாகவோ அடங்கியோ இருப்பவர்களை ரோம் சகித்துக்கொண்டது. தன்னைப் பார்த்துக் கற்று நிமிர்கிறவனைச் சகிக்கவில்லை.

101 மார்ச் 25 அன்று டிராஜன் ரோமிலிருந்து புறப்பட்டார். இந்தப் போரைப் பற்றி அவரே ஒரு நூல் எழுதினார். அதில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாக்கியம்: அங்கிருந்து பெர்சோபிஸுக்கும் பிறகு ஐசிக்கும் முன்னேறினோம் என்பது. அதுவும் பிரிசியன் என்ற இலக்கண ஆசிரியர் உதாரணமாக எடுத்தாண்டதால் பிழைத்த வாக்கியம். டியோவின் வரலாற்றில் இந்தப் பகுதி 11-ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் செய்த சுருக்கமாகவே நமக்குக் கிடைக்கிறது. டாசியர் தரப்பிலிருந்து எழுத்தாக எந்த வரலாறும் இல்லை. சர்மிசெகெதூசாவில் தோண்டியெடுத்த பெரிய மண்கலம் ஒன்றில் லத்தீன் எழுத்தில் டெசிபாலஸ் என்ற பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கிறது, ஸ்கோரிலோ என்ற இன்னொரு பெயரோடு. தம் பெயரையும் எதிரியின் எழுத்திலேயே அவர் நமக்கு விட்டுச்சென்றிருக்கிறார்.

முதல் பெரிய மோதல் மறுபடியும் தாபேயில் நடந்தது. போருக்கு முன் டிராஜனிடம் ஒரு பெரிய காளான் கொண்டுவரப்பட்டது. அதன்மேல் லத்தீனில் எழுதியிருந்த செய்தி: டாசியரின் நட்புக் குலங்கள் சொல்கின்றன, திரும்பிப் போய்ச் சமாதானமாக இருங்கள். டிராஜன் திரும்பவில்லை. காயம்பட்டவர்களுக்குக் கட்டுத்துணி தீர்ந்துபோய், தன் உடையையே கிழித்துக் கொடுத்தாராம். ரோமர் வென்ற போர் என்று எழுதப்பட்டதற்குள் இப்படி ஒரு வரி இருந்தால் அந்த வெற்றியின் விலை தெரிகிறது.

டாசியரின் வளைவாள் அப்படிப்பட்டது. நம் ஊர் வீச்சரிவாளை நீட்டி, இரண்டு கையாலும் பிடிக்கும்படி பிடி போட்டால் எப்படியோ அப்படி. வளைவின் உட்பக்கம் கூர். கேடயத்துக்கு மேலாக இறங்கித் தலையையும் தோளையும் பிளக்கும். ருமேனியாவின் ஆடம்கிளிசியில் நிற்கும் வெற்றிச் சின்னத்தின் புடைப்புச் சிற்பங்களில் ரோம வீரர்கள் வலக்கையில் தகட்டுக் கவசம் அணிந்திருப்பதைக் காணலாம். தலைக்கவசத்தின் உச்சியில் குறுக்காக இரும்புப் பட்டை சேர்க்கப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். பாடம் கற்பது ஒருதலையாக நடக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் டெசிபாலஸ் செய்த காரியம் அவரது துணிவின் உச்சம். டிராஜனின் படை மலைக்கு மேற்கே நின்றபோது, சர்மேஷியக் குதிரைப்படைக் கூட்டாளிகளோடு டான்யூபின் கீழ்ப்பகுதியைக் கடந்து மொயீசியாவைத் தாக்கினார். எதிரி தன் வீட்டு வாசலில் நிற்கும்போது எதிரியின் கொல்லைப்புறத்தில் தீ வைக்கும் உத்தி இது. டிராஜன் விரைந்து வந்து கடும் போரில் இதை முறியடித்தார். ஆனால் அந்தத் தாக்குதலின் ஒரு சிறு தடம் எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. சில ஆண்டுகள் கழித்து, இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த இளைய பிளினி, காலிட்ரொமஸ் என்ற ஒருவனைப் பற்றி டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். அவன் ரோமத் தளபதி லாபேரியஸ் மாக்ஸிமஸின் அடிமை. மொயீசியாவில் பிடிபட்டு, டெசிபாலஸால் பார்த்திய மன்னர் பகோரஸுக்குப் பரிசாக அனுப்பப்பட்டானாம். அங்கே பல ஆண்டுகள் இருந்து தப்பிவந்து, கடைசியில் நிகோமீடியாவில் ரொட்டி சுடுபவர்களிடம் வேலை செய்துகொண்டிருந்தான்.

ஒரு அடிமையின் அலைச்சல் கதை இது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய திட்டம் தெரிகிறது. பார்த்தியா ரோமின் கிழக்கு எல்லையில் இருந்த பேரரசு. டாசியாவுக்கும் அதற்கும் இடையே கருங்கடலும் காக்கேசிய மலைகளும் கிடந்தன. அவ்வளவு தூரத்துக்குத் தூதும் பரிசும் அனுப்பியவர், ரோமுக்கு இரண்டு முனைகளில் நெருப்பு மூட்ட நினைத்தார் என்றே கொள்ள வேண்டும். பார்த்தியா அசையவில்லை.

102-இல் டிராஜனின் படைகள் மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தன. ஃபுஸ்கஸிடமிருந்து டாசியர் பறித்த படைக்கொடியும் பொறிகளும் அங்கே கிடைத்தன. டெசிபாலஸின் சகோதரி ஒரு கோட்டையில் சிறைப்பட்டார். முன்பு டெசிபாலஸ் நீள்முடி வைத்த சாதாரண ஆட்களைத் தூது அனுப்பியிருந்தார். இப்போது தொப்பி அணியும் உயர்குடியினர் வந்து ஆயுதங்களை எறிந்துவிட்டுத் தரையில் விழுந்தார்கள். தொடக்கத்தில் சொன்ன நிபந்தனைகள் எழுதப்பட்டது இந்தக் கட்டத்தில்தான்.

டெசிபாலஸ் ஒத்துக்கொண்டார், பின்பற்றும் எண்ணம் இல்லாமல். இதில் அவரை நியாயப்படுத்தத் தேவையில்லை, பழிக்கவும் வேண்டியதில்லை. டிராஜனும் அந்தச் சமாதானத்தை நம்பவில்லை என்பதற்குக் கல்லாலான சாட்சி இருக்கிறது. 103-க்கும் 105-க்கும் இடையில் டமாஸ்கஸைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அப்பல்லோடோரஸ், ட்ரொபேட்டா என்ற இடத்தில் டான்யூபின்மேல் பாலம் கட்டினார். நதிக்குள் 20 கல்தூண்கள், மேலே மர வளைவுகள், நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். ஓடும் பெருநதியின் நடுவே அப்படித் தூண் நிறுத்துவதன் அருமை பொறியியல் படித்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். டியோ அந்தப் பாலத்தை டிராஜனின் மற்ற எல்லாச் சாதனைகளுக்கும் மேலானதாக வியக்கிறார். அடங்கிவிட்ட ஒரு சிற்றரசனுக்காக இவ்வளவு பெரிய பாலம் யாரும் கட்டுவதில்லை.

105-இல் செனட் டெசிபாலஸை மீண்டும் பகைவர் என்று அறிவித்தது. ஆயுதம் சேர்க்கிறார், ஓடிவருபவர்களுக்கு இடம் தருகிறார், கோட்டைகளைப் புதுப்பிக்கிறார், அண்டை நாடுகளுக்குத் தூது அனுப்புகிறார், யாசிகஸ் குலத்தின் நிலத்தைப் பிடித்துக்கொண்டார் என்பவை குற்றச்சாட்டுகள். அண்டை நாடுகளிடம் அவர் சொல்லி அனுப்பியது என்னவென்றால், இப்போது என்னைக் கைவிட்டால் நாளை உங்கள் முறை என்பது. கேட்டவர்கள் குறைவு. டாசியர்களிலேயே பலர் அணி மாறினார்கள்.

இக்கட்டில் அவர் கையாண்ட வழிகள் அழகானவை அல்ல. ஓடிவந்த ரோமர்கள் சிலரை அனுப்பி டிராஜனைக் கொல்ல முயன்றார். ஒருவன் பிடிபட்டு, சித்திரவதையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பிறகு லாஞ்சைனஸ் என்ற ரோமத் தளபதியைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துச் சிறைப்பிடித்தார். லாஞ்சைனஸ் வேண்டுமானால் டான்யூப் வரையுள்ள நிலத்தையும் போர்ச்செலவையும் கொடு என்றார். டிராஜன் லாஞ்சைனஸைப் பெரிதாக மதிப்பதாகவும் காட்டவில்லை, சிறிதாக மதிப்பதாகவும் காட்டவில்லை. அப்படி ஒரு பதில் எழுதினார். டெசிபாலஸ் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், தன் உயிரை வைத்துப் பேரரசரின் கையைக் கட்டுகிறார்கள் என்பதை லாஞ்சைனஸ் உணர்ந்தார். விடுதலை பெற்ற தன் ஊழியன் ஒருவன் மூலம் ரகசியமாக நஞ்சு வாங்கிவைத்துக்கொண்டார். சமாதானம் பேசுகிறேன் என்று சொல்லி அந்த ஊழியனையே கடிதத்தோடு டிராஜனிடம் பத்திரமாக அனுப்பிவிட்டு, இரவில் நஞ்சைக் குடித்து இறந்தார். உடலையும் பத்துக் கைதிகளையும் தருகிறேன், அந்த ஊழியனைக் கொடு என்று டெசிபாலஸ் கேட்டார். டிராஜன் கொடுக்கவில்லை. இந்தப் போரில் மனம் கனக்க நான் படித்த பகுதி இது. இரண்டு பக்கமும் தன் கடைசிப் பிடியை விடாத மனிதர்கள்.

106-இல் சர்மிசெகெதூசா விழுந்தது. பிறகு நடந்ததை ரோமில் நிற்கும் டிராஜன் தூணில் பார்க்கலாம். கல்லில் செதுக்கிய மெய்க்கீர்த்தி அது: சுற்றிச் சுற்றி மேலேறும் சுமார் 200 மீட்டர் நீளச் சிற்பப்பட்டை, 2,500-க்கும் மேற்பட்ட உருவங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே, மரத்தடியில் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். கையில் வளைந்த கத்தி, கழுத்தில் முனை. குதிரையில் பாய்ந்துவரும் ரோமன் அவரை நோக்கிக் கை நீட்டுகிறான், எட்டவில்லை.

அந்தக் குதிரைவீரனின் பெயரும் நமக்குத் தெரியும். 1965-இல் வட கிரேக்கத்தின் பழைய பிலிப்பி நகருக்கு அருகே ஒரு கல்லறைக்கல் கிடைத்தது. திபேரியஸ் கிளாடியஸ் மாக்ஸிமஸ் என்பவர் உயிரோடு இருக்கும்போதே தமக்கு வைத்துக்கொண்டது. டொமிஷியன் காலத்து டாசியப் போரிலேயே வீரத்துக்குப் பரிசு வாங்கியவர். டெசிபாலஸைப் பிடித்து, அவரது தலையை ரனிஸ்டோரம் என்ற இடத்தில் டிராஜனிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததாக அதில் பொறித்திருக்கிறார். பிடித்ததாக எழுத்து சொல்கிறது. மேலே உள்ள சிற்பமோ, கத்தி கையிலிருந்து நழுவ மன்னர் சரிந்து விழுவதைக் காட்டுகிறது. ரோமின் வெற்றி ஊர்வலத்தில் சங்கிலியோடு நடக்க வேண்டியிருந்த ஒருவரை உயிரோடு பிடிக்க முடியாமல் போனதை அந்தப் பெருமைக் கல்லே ஒப்புக்கொள்கிறது. தலை ரோமுக்குப் போனது. குற்றவாளிகளின் உடலை எறியும் கெமோனியப் படிகளில் வீசப்பட்டது.

டெசிபாலஸின் புதையல் சர்கேசியா ஆற்றின் அடியில் இருந்ததாக டியோ எழுதுகிறார். கைதிகளை வைத்து ஆற்றைத் திருப்பி, படுகையில் குழி தோண்டிப் பொன்னும் வெள்ளியும் இறக்கி, மேலே கல் அடுக்கி, ஆற்றை மறுபடி பழைய வழியில் விட்டார்களாம். விஷயம் தெரிந்த கைதிகள் கொல்லப்பட்டார்கள். பிசிலிஸ் என்ற நெருங்கிய தோழர் பிடிபட்டு ரகசியத்தைச் சொன்னார். அந்தச் செல்வத்தில் எழுந்ததுதான் ரோம் நகரின் பொதுச்சதுக்கமான டிராஜனின் மன்றம். மேற்சொன்ன தூணும் அங்கேதான் நிற்கிறது. டிராஜன் திரும்பியபோது வெளிநாட்டுத் தூதர்கள் பலர் வந்தார்கள், இந்தியர்களும் அவர்களில் இருந்தார்கள் என்கிறார் டியோ. 123 நாட்கள் கேளிக்கை நடந்தது. கேளிக்கைக்காகச் சண்டையிடும் 10,000 வாள்வீரர்கள் மோதினார்கள், சுமார் 11,000 விலங்குகள் கொல்லப்பட்டன.

டாசியா மாகாணமாயிற்று. மலைத்தலைநகரைக் கைவிட்டு, சமவெளியில் அதே பெயரைச் சேர்த்து ரோமர் புது நகரம் அமைத்தார்கள். போரில் ஆண்கள் தீர்ந்துபோன நாட்டில் பேரரசின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியதாகப் பிற்கால ரோம வரலாற்றாசிரியர் யூட்ரோப்பியஸ் எழுதுகிறார். தங்கச் சுரங்கங்களுக்கு டால்மேஷியாவிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களது மெழுகுப் பலகைக் கணக்குகளும் ஒப்பந்தங்களும் இன்றைய ரோஷியா மொன்டானாவில் கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ 165 ஆண்டுகள் கழித்து, பேரரசர் ஆரேலியன் டாசியாவைக் காக்க முடியாமல் கைவிட்டார். அதற்குள் லத்தீன் வேரூன்றிவிட்டிருந்தது. டெசிபாலஸைத் தம் முன்னோராகக் கொண்டாடும் இன்றைய ருமேனியர்கள் பேசுவது டிராஜனின் மொழியிலிருந்து வந்த மொழி. ஓர்ஷோவாவுக்கு அருகே டான்யூபின் கரைப்பாறையில் 40 மீட்டருக்கும் உயரமாக டெசிபாலஸின் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். 1994-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் ஆயின. அதன் கீழே உள்ள வாசகம் லத்தீனில்தான் இருக்கிறது.

தோற்ற டாசியர்களில் இளைஞர்களை ரோம் தன் படையில் சேர்த்துத் தொலைதூரங்களுக்கு அனுப்பியது. ஒரு பிரிவு, பிரிட்டனில் ரோமின் வட எல்லையாக இருந்த ஹேட்ரியன் சுவரின் பேர்டோஸ்வால்ட் கோட்டையில் தலைமுறைகளாகக் காவல் இருந்தது. அவர்கள் வைத்த கல்வெட்டுகளில் சிலவற்றில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வளைவாள் செதுக்கப்பட்டிருக்கிறது. அதே கோட்டையில் ஒரு சிறுவர் கல்லறைக்கல்லும் கிடைத்தது. பத்து வயதில் இறந்த பிளேசஸ் என்ற பையன் ஒருவன். அவனோடு, நாள் கணக்கில் மட்டுமே உயிர்வாழ்ந்த ஒரு குழந்தை. குழந்தையின் பெயர் டெசிபாலஸ்.